உன் கெப்புக்கு எந்த பிரேக் பேட், மகள்

அன்பு மகள்,

நேற்று லுஹர் தொழுதுவிட்டுக் கடையைத் திறக்கும்போது நீ அனுப்பிய படம் போனில் வந்திருந்தது. மூன்று பெட்டிகளை உன் கெப்பின் பொனட் மேல் வரிசையாக வைத்து எடுத்திருந்தாய். கீழே ஒரே ஒரு வரி: "உம்மா, முன் பிரேக் பேட் முடியப்போகுதாம். இதில எதப் போட?" ஸலாம் இல்லை, சுகம் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்று மாதமாக அந்த வாகனத்தைப் பற்றி நீ என்னிடம் ஒரு சொல் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் போன் எடுப்பாய். சாப்பாடு, குளிர், மழை, கன்று ஈன்ற மாடு எல்லாம் கதைப்போம். கெப்பை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போவோம், நடுவீட்டில் கிடக்கும் உடைந்த கட்டிலைச் சுற்றிப் போவதுபோல. "இன்னதப் போடு" என்று அப்போதே பதில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. "பேட் இன்னும் எவ்வளவு மிச்சம்?" என்று மட்டும் கேட்டேன். நாலு மில்லிமீற்றர் என்று கராஜில் அளந்து சொன்னார்கள் என்றாய். மெதுவாக ஓடினால் ஒரு கிழமை பொறுக்கும். நாளைக்குக் கண்டிப் பக்கம் வரும் ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். பதில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதுவரை வாசித்துவிட்டு வா. இதில் உள்ளதை வேறு யார் வாசித்தாலும் எனக்கு இனி வெட்கம் இல்லை.

முதலில் அந்த நாளைச் சொல்கிறேன். கால்நடை வைத்தியராக மலையில் நியமனம் கிடைத்து, தோட்டத்துப் பாதைகளில் ஏற வாகனம் வேண்டும் என்று தேடி, நீயாகவே அந்த டபிள் கெப்பை வாங்கிக்கொண்டு கல்முனைக்குடிக்கு வந்தாய். முந்திய சொந்தக்காரன் வேகப் பைத்தியம் பிடித்தவன், எஞ்சினை முறுக்கி, டர்போவை மாற்றி, டயரையும் பெருப்பித்து வைத்திருக்கிறான் என்று வாசலில் நின்று ஒழுங்கையில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் குசினி வரைக்கும் கேட்டது. நான் வெளியே வரவில்லை. சட்டியை அடுப்பிலிருந்து இறக்காமல் நின்றேன். நீ உள்ளே வந்து, "உம்மா, ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றாய். நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தப் பேய் வண்டி?" என்றேன். அப்படிச் சொன்னவள் யார்? பத்து வருடமாக ஆண்கள் மட்டும் வந்து நிற்கும் வாகன உதிரிப்பாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள். நீ வண்டியின் திறப்பை எடுத்துக்கொண்டு போனாய். உம்மா பழைய காலத்து மனிசி என்று நீ நினைத்திருப்பாய். உண்மையான காரணம் அதுவல்ல. அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

உன் வாப்பா மௌத்தான வருடம் நீ ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நாலு மாதமும் பத்து நாளும் விதவையாக வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்து, அடுத்த நாளே நான் அவருடைய கடைத் திறப்பை எடுத்தேன். குடும்பத்தில் எல்லாரும் கடையை விற்கச் சொன்னார்கள். விற்றால் உன் படிப்பு நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைக்குள் இருந்த சாமான்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒயில் ஃபில்டரையும் எயார் ஃபில்டரையும் பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிந்தேன். வந்த ஆண்களில் சிலர் நல்லவர்கள். சிலருக்கு நான் ஒரு வேடிக்கை. வேண்டுமென்றே இல்லாத சாமானின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் ஒரு கெட்ட பழக்கத்தைப் பழகினேன். எதைக் கேட்டாலும் தெரிந்தவள்போலப் பதில் சொல்வது. குரலை உயர்த்தி, தலையை ஆட்டி, ஒரு பெட்டியை எடுத்துக் கவுண்டரில் பட்டென்று வைத்தால் அவர்கள் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் யோகராசா வந்தார். பாண்டிருப்பைச் சேர்ந்தவர். அவரை உனக்குத் தெரியும். பெருநாளைக்கு மீன் கொண்டுவந்து தரும் யோகராசா மாமாதான். அப்போது எனக்கு அவரைப் பழக்கமில்லை. கல்முனையில் மீன் ஏற்றி, ஐஸ் உருகுமுன் கண்டிக்குக் கொண்டுபோய் இறக்கி, திரும்பி வரும்போது அங்கிருந்து லீக்ஸ், கரட் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். அதற்காகவே தன் பழைய கெப்புக்குப் பெரிய எஞ்சின் மாற்றியிருந்தார். ஒவ்வொரு நாளும் ஓட்டம். பாரத்தோடு மலையேறினாலும் முன்னால் போகும் பஸ்ஸைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும் வண்டி அது. கவுண்டரில் கையை ஊன்றி நின்று, "அக்கா, முன் பிரேக் பேட் ஒரு சோடி வேணும். மகியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவால பாரத்தோட இறங்குறனான். சூடு தாங்கிற சாமானாப் பாத்துத் தாங்க" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் வண்டிக்கு அளவு பொருந்துவதாக ராக்கையில் ஒரேயொரு பெட்டிதான் இருந்தது. அதை எடுத்து வைத்தேன். "இது தாங்குமா அக்கா?" என்று திரும்பவும் கேட்டார். "தாங்காம என்ன தம்பி, நல்ல சாமான். பயப்படாமப் போடுங்க" என்றேன். அந்தச் சொற்கள் இப்போதும் என் காதில் கேட்கின்றன.

இரண்டு கிழமை கழித்து ஒரு பகல் நேரம், பதினெட்டு வளைவில் இறங்கும்போது அவருடைய பிரேக் கைவிட்டது. பெடல் கீழே போகவில்லை; கல்லுப்போல நின்றது; முழுப் பலத்தோடு மிதித்தும் வண்டி வேகம் குறையவில்லை. கருகின மணம் வந்தது, சில்லில் இருந்து புகை வந்தது. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மலை. எதிரே ஒன்றும் வராத ஒரு நொடியில் வண்டியை மலைப் பக்கம் திருப்பி மண்திட்டியில் மோதி நிறுத்தினார். முன்பக்கம் நசுங்கி அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கரட்டும் லீக்ஸும் பாதை முழுவதும் கொட்டிக் கிடந்ததாம். பாதையால் போன சனங்கள்தான் கதவை நெம்பி அவரை வெளியே எடுத்திருக்கிறார்கள். ஹயாத்து இருந்தது, தப்பினார். செய்தி கல்முனைக்கு வந்தபோது ஊரில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அவன் ஓடுற ஓட்டத்துக்கு இது நடக்கத்தான் செய்யும்." நானும் தலையை ஆட்டினேன்.

நசுங்கின வண்டியை மெக்கானிக் ஹனிபா பாஸின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் பாஸ் கடைக்கு வந்தார். கையில் பழைய துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். அதைக் கவுண்டரில் வைத்துப் பிரித்தார். நான் கொடுத்த அதே பேட். மேற்பரப்பு கண்ணாடிபோல வழுவழுவென்று மினுங்கியது. ஓரம் பிஸ்கட்டுப்போல உதிர்ந்தது. "ராத்தா, இது டவுணுக்குள்ள மெதுவா ஓடுற வண்டிக்குப் போடுற மெத்தெண்ட சாமான். அளவு சரி, ஆனா சூடு தாங்காது. அந்த எஞ்சினுக்கும் அந்தப் பாரத்துக்கும் இதப் போட்டா இப்பிடித்தான் கண்ணாடியாப் போகும். இத ஆரு குடுத்த?" என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "கடையில நிண்ட ஆரும் குடுத்திரிப்பாங்க" என்றேன். அந்தக் கடையில் என்னைத் தவிர வேறு ஆள் நின்றதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

மகள், அதன்பிறகு இருபது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேட்டை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். தொழுகையில் நின்றால் சூரா மறந்துபோனது. அந்த நாட்களில்தான் உனக்குப் பரீட்சை. நீ மேசையில் படித்துக்கொண்டிருப்பாய், நான் எதிரே இருந்து பிரேக் பெட்டிகளில் இருந்த சிறிய எழுத்துக்களைப் படித்துக்கொண்டிருப்பேன். "உம்மாவும் சோதினைக்கா படிக்கிறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ பரீட்சை எழுதும் பிள்ளை, மனதைக் குழப்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். உன் கண்ணில் நான் சின்னவளாகிப் போவேன் என்ற பயம்தான் உண்மை.

உன் கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு அந்தப் பேட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். யோகராசா முன்விறாந்தையில் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். காலில் கட்டு. அவருடைய மனைவி சாந்தி கதிரை கொண்டுவந்து போட்டு, தேத்தண்ணி ஊற்றப் போனாள். "தங்கச்சி, தேத்தண்ணி பொறகு. நான் சொல்ற ஒண்ட இரிந்து கேளுங்க" என்றேன். பேட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். பாஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். நான் பாஸிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். சாந்தி முதலில் ஒன்றும் விளங்காதவள்போலப் பார்த்தாள். பிறகு அவளுடைய குரல் உயர்ந்தது.

"ஒரு மாசமாகப் போகுது, மனிசன் கட்டில்ல கிடக்காரு. ஊரெல்லாம் அவர்ட ஓட்டத்தத்தான் பழி சொல்லுது. அதக் கேட்டு அவரும் தன்ட பிழைதான் எண்டு அழுதாரு. இவ்வளவு நாளும் நீங்க என்ன செஞ்ச?"

யோகராசா அந்தப் பேட்டைக் கையில் எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அண்டைக்கு நான் ரெண்டு தரம் கேட்டன்தானே அக்கா, இது தாங்குமா எண்டு" என்றார்.

"ஓம் தம்பி."

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"இல்ல. தெரியாமத்தான் சொன்ன."

"தெரியா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிந்தா நான் பாஸ்ட கேட்டிரிப்பன். அதுக்கு எனக்கு அஞ்சு நிமிசம் போயிரிக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். அதுதான் என்னை இன்னும் சுட்டது. வண்டியைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது என்றேன். அவர் மறுக்கவில்லை. சாந்தி வாசல்வரை வரவில்லை. திரும்பி வரும் வழியில் கராஜுக்குப் போய் ஹனிபா பாஸிடமும் உண்மையைச் சொன்னேன். அவர், "நான் அண்டைக்கே விளங்கின ராத்தா. நீங்களாச் சொல்லுவீங்க எண்டுதான் பேட்ட விட்டுட்டு வந்த" என்றார். அடுத்த நாள் காலையில் அவரே கடைக்கு வந்து, ராக்கையில் இருந்த பேட் பெட்டிகளை எல்லாம் இறக்கி, எது எந்த ஓட்டத்துக்கு என்று பிரித்து அடுக்கக் கைகொடுத்தார். அன்றிலிருந்து கடையில் நான் அதிகமாகச் சொன்ன சொல் "தெரியா, கேட்டுச் சொல்றன்" என்பதுதான். சிரித்தவர்கள் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு அவர்களே அடுத்த கடையில் வாங்கின சாமானையும் என்னிடம் கொண்டுவந்து, "ராத்தா, இது சரியா எண்டு பாருங்க" என்று காட்டத் தொடங்கினார்கள்.

ஐந்து மாதம் கழித்து யோகராசா கொஞ்சம் காலை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சாந்தியும் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ஓரமாக நின்றாள். "அக்கா, வண்டி வந்திட்டுது. முன் பேட் வேணும்" என்றார். என் கடைக்கு அவர் திரும்பி வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு கொம்பனியின் விற்பனைக்காரர் அந்தக் கிழமைதான் சிவப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இதைவிடச் சூடு தாங்குவது இல்லை, பந்தயக் கார்களுக்கே இதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதையும், உலோகத்தூள் கலந்த வேறொரு பேட்டையும் எடுத்து வைத்தேன். "தம்பி, ரெண்டும் சூடு தாங்கும் எண்டு எழுதியிரிக்கி. உங்கட ஓட்டத்துக்கு எது எண்டு எனக்கு முழுசாத் தெரியா" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்பதான் உங்களோட யாவாரம் கதைக்கலாம்" என்றார். பிறகு, "பொட்டியில எழுதினதப் படிச்சாக் காணாது அக்கா. ஒரு நாளைக்கு வந்து இறங்கிப் பாருங்க. சாந்தியும் வருவா" என்றார்.

நான் போனேன், மகள். ஒரு கிழமை இடைவிட்டு இரண்டு தடவை போனேன். நீ அப்போது கொழும்பில் மாமி வீட்டில் நின்றாய். முதல் தடவை சிவப்புப் பெட்டி. மலை உச்சியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு இறங்கத் தயாரானோம். நல்ல குளிர், பனிப்புகார் மூடியிருந்தது. யோகராசா முதலாம் கியரில் ஆமைபோல வண்டியை நகர்த்திக்கொண்டே முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. கேட்காததுபோலப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் இருந்த சாந்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. நான் கலிமாவைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கியராலும் ஹேண்ட் பிரேக்காலும் வண்டியை அடக்கினார். நாலைந்து வளைவு இறங்கி பேட் சூடேறின பிறகு அதே பிரேக் வெறிபிடித்ததுபோலக் கடித்தது. தொட்டவுடன் தலை கண்ணாடியில் முட்டப் பார்த்தது. பாதை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "விளங்கிச்சா அக்கா? இது பந்தயத்துக்குச் சரி. அவங்க முதல்லயே சூடாக்கிட்டுத்தான் ஓடுவாங்க. நமக்கு எழும்பினவுடன முதல் மிதியிலயே நிக்கணும். முன்னால புள்ள ஒண்டு ஓடி வந்தா, பேட் சூடாகுமட்டும் நிக்குமா?" அடுத்த கிழமை உலோகத்தூள் கலந்த பேட்டோடு இறங்கினோம். முதல் மிதியிலேயே பிடித்தது. பதினெட்டாவது வளைவிலும் அதேபோலப் பிடித்தது. கொஞ்சம் கிறீச்சென்று சத்தம் போட்டது, சில்லில் கறுப்புத் தூள் படிந்தது. அவ்வளவுதான். கீழே ஒரு கடையில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். அப்போதுதான் சாந்தி அந்த ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "அக்காவுக்குச் சீனி காணுமா, இன்னும் போடவா?" என்று கேட்டாள்.

இப்போது உன் மூன்று பெட்டிக்கு வருகிறேன். முதலாவது, நீலப் பெட்டி, செரமிக். சத்தம் போடாது, தூசு கொட்டாது, டவுணுக்குள் ஓடும் காருக்கு அதைத்தான் நானே எடுத்துக் கொடுப்பேன். செரமிக்கிலும் பாரம் இழுக்கும் வண்டிக்கென்று செய்தது உண்டு. உன் படத்தில் உள்ளது அதுவல்ல. மூன்றாவது, நெருப்புப் படம் போட்ட பெட்டி, அந்தச் சிவப்புப் பெட்டிபோலப் பந்தயச் சாமான். அதை உனக்கு யார் சிபாரிசு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முந்திய சொந்தக்காரனும் அதைத்தான் போட்டிருப்பான். உன் எஞ்சினின் பலத்துக்குப் பொருத்தம்போலத்தான் தெரியும். ஆனால் நீ பந்தயம் ஓடவில்லை. சுபஹ் தொழுதுவிட்டுக் குளிருக்குள் வண்டியை எடுத்து, புகாருக்குள் தோட்டத்துப் பாதையில் இறங்கி, வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கும் மாட்டைப் பார்க்கப் போகிறவள். உனக்கு முதல் மிதியில் பிடிக்க வேண்டும், கடைசி வளைவிலும் பிடிக்க வேண்டும். நடுவில் உள்ளதைப் போடு, அதுதான் உலோகத்தூள் கலந்தது. பெட்டியை மட்டும் நம்பாதே; பேட்டை வெளியே எடுத்து ஓரத்தைப் பார். அச்சடித்த வரியில் இரண்டு ஆங்கில எழுத்துச் சேர்ந்தாற்போல வரும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறின பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. இரண்டும் எஃப் என்றாலோ ஜீ என்றாலோ எடு. ஈ என்றால் திருப்பிக் கொடு. எழுத்தே இல்லாவிட்டால் அந்தக் கடையில் இன்னொரு நிமிடம் நிற்காதே.

பேட்டை மாற்றும்போது நீயும் பக்கத்தில் நில். இரண்டு பக்கமும் சோடியாக மாற்ற வேண்டும். பேட் கடிக்கும் டிஸ்க்கில் விரல் நகம் மாட்டுமளவுக்குக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். பேட்டை அழுத்தும் கெலிப்பர் சறுக்கும் பின்னைக் கழற்றி, துடைத்து, அதற்கென்று உள்ள கிறீஸ் பூசச் சொல். பிரேக் ஒயில் எப்போது மாற்றினது என்று உனக்குத் தெரியாதல்லவா? அப்படியென்றால் இப்போதே மாற்று. ஈரம் குடித்த பழைய ஒயில் சூட்டில் கொதித்தால் எந்தப் பேட்டாலும் பயனில்லை. பின் சில்லின் டிரம்மையும் திறந்து பார்க்க வேண்டும். பின்பக்கம் வேலை செய்யாவிட்டால் முழுச் சுமையும் முன்னால்தான் விழும். மாற்றின உடனேயே மலையால் இறங்காதே. கீழே சமதரையில், வாகனம் குறைந்த நேராக உள்ள பாதையில், ஐம்பது வேகத்தில் போய்ப் பத்துக்குக் குறையும்வரை அளவாக மிதி. முழுவதுமாக நிறுத்தாதே. திரும்பவும் ஐம்பது. அப்படி எட்டுப் பத்துத் தரம். பிறகு பிரேக் தொடாமல் கொஞ்சத் தூரம் ஓடி ஆறவிடு. அப்போதுதான் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும். வளைவில் இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே இறங்கு. எஞ்சின் உறுமட்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் இன்னொரு தரம் வாசி.

அன்றைக்கு நான் குசினியை விட்டு வெளியே வராததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பெரிய டயர் என்று நீ சொன்னதையும் எஞ்சின் உறுமினதையும் கேட்டவுடன் என் கண்ணுக்கு முன்னால் வந்தது கண்ணாடிபோல மினுங்கின அந்தப் பேட்தான். நீ பேராதனையில் படித்த அத்தனை வருடமும் அந்த வளைவால் பஸ்ஸில் வரும் ஒவ்வொரு தடவையும் தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். என் பயத்தை உன் மேல் ஒரு குற்றமாக்கிச் சுமத்திவிட்டேன். பொம்புளப் பிள்ளை என்று சொன்னது அதைவிடப் பெரிய பிழை. உனக்கு அந்த வண்டி பிடித்திருக்கிறது. அதை நல்லபடி பார்த்துக்கொள்ள நினைக்கிறாய். மூன்று பெட்டியில் எது என்று தெரியாமல், தெரியாது என்பதை மறைக்காமல், என்னிடம் கேட்டாய். நீ என்னைவிடச் சீக்கிரமாகப் பழகியிருக்கிறாய்.

இன்னொரு செய்தி. இதை முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. யோகராசா படுக்கையில் கிடந்த மாதங்களில் சாந்தி வாகனம் ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்தாள். கல்முனைக்குள் மீன் கொண்டுபோய்ப் போடுவது இப்போதும் அவள்தான். போன மாதம் ஒரு நாள், "அக்கா, இத்தின வருசமா பிரேக் விக்கிறீங்க, ஒருக்காலும் மிதிச்சதில்லையே" என்றாள். அந்தச் சொல் என்னை விடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரைப் பக்கத்து வெளியில் தங்கள் மீன் வண்டியில் எனக்கு ஓட்டப் பழக்குகிறாள். ஐம்பத்திரண்டு வயதில் கிளச் எங்கே என்று தேடுகிறேன். முதல் நாள் மூன்று தரம் எஞ்சின் நின்றது. போன ஞாயிறு கொஞ்சம் வேகமாகவே போய்க்கொண்டிருந்தேன். சவுக்குமரங்களுக்குள் இருந்து ஒரு மாடு, உன் நோயாளிகளின் இனம்தான், நேராக முன்னால் வந்து நின்றது. "அக்கா, மிதிங்க!" என்று சாந்தி கத்தினாள். மிதித்தேன். என் காலுக்குக் கீழே அது பிடித்ததை நான் உணர்ந்தேன், மகள். வண்டி மாட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றது. மாடு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் கடலைப் பார்த்து நடந்தது. நான் பெடலை விடாமல் அப்படியே இருந்தேன். ஏனோ கண் நிறைந்தது. சாந்தி என் தோளைத் தொட்டு, "போதும் அக்கா, அது போயிட்டு. விடுங்க, போவம்" என்றாள்.

காலை எடுத்தேன். கிளச்சை மெல்ல விட்டேன். இந்தத் தரம் எஞ்சின் நிற்கவில்லை.

உன் உம்மா